எச்.ஐ.வி.யும் மரபணு மருத்துவமும் – ஓர் அறிமுக ஆய்வு

முன்னுரை

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாகத் தேனிக்கும் குமுளிக்கும் செல்லும் சாலையும், மதுரைப் பக்கத்திலிருந்து ஒட்டன்சத்திரம், பழனி நோக்கிச் செல்லும் சாலையும் கூடும் ஊர் செம்பட்டி. நிலக்கோட்டைப் பூவும் ஒட்டன்சத்திரத்துக் காய்கறியும் ஏற்றிய வண்டிகள் இரவும் பகலும் இவ்வூரைக் கடந்து செல்கின்றன. சாலைகள் கூடும் ஊருக்குப் பொருளும் வரும்; செய்தியும் வரும்; சில வேளைகளில் நோயும் வரும். 1990களில் எய்ட்ஸ் என்னும் சொல் இப்பகுதிக்கு அவ்வாறே வந்து சேர்ந்தது. அதனோடு அச்சமும் வந்தது, பழிச்சொல்லும் வந்தது. அவ்விரண்டும் நோயைவிட விரைவாகப் பரவின.

அண்மையில் வகுப்பு முடிந்தபின் மாணவர் ஒருவர் நம்மிடம் தயங்கித் தயங்கி ஒரு வினாவைக் கேட்டார். "எய்ட்ஸுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்களாம், மரபணுவையே வெட்டி எடுத்துவிடுகிறார்களாம். அப்படியானால் இப்போது மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்திவிடலாமா ஐயா?" யாருக்காகக் கேட்கிறார் என்று நாம் வினவவில்லை, வினவுவது முறையுமன்று. ஆனால் அவ்வினாவுக்குச் சரியான விடை கிடைக்காவிடில் ஓர் உயிர் போகக்கூடும் என்பது மட்டும் அப்பொழுதே புலனாயிற்று. அவ்விடையே இக்கட்டுரையாக விரிந்தது.

தமிழ்த்துறை மலரில் மருத்துவக் கட்டுரை எதற்கு என்று சிலர் வினவலாம். திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதனைத் தணிக்கும் வழியையும் அறிந்த பின்னரே மருத்துவன் செயற்பட வேண்டும் என்னும் முறையை வள்ளுவர் அங்கே வகுத்துள்ளார். நோய்க்கு மருந்து தேடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் சமுதாயத்துக்கு வலியுறுத்தியுள்ளார்கள். அம்மைகளுள் பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்தறிந்து நூல் செய்த அர்ராஸியும், பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவுக்குப் பாடநூலாக விளங்கிய 'அல்கானூன்' நூலைத் தந்த இப்னு ஸீனாவும் அவ்வழியில் வந்தவர்களே. எனவே அறிவியலைத் தாய்மொழியில் விளக்குவது நமக்குப் புறம்பான பணியன்று. வள்ளுவர் வகுத்த முறையிலேயே இப்பொருளை நாம் அணுகுவோம்.

தமிழகத்தில் நோய் அறியப்பட்ட வரலாறு

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில் பாலியல் தொழிலாளர்களின் குருதி மாதிரிகளைத் திரட்டினார். எய்ட்ஸ் மேனாட்டு நோய், நம் நாட்டுக்கு வாராது என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. சென்னையில் அதற்குரிய எலைசா சோதனை வசதி அப்போது அவர்களுக்குக் கிட்டவில்லை. ஆகவே அம்மாதிரிகளை இரயிலில் காட்பாடிக்குக் கொண்டு சென்று, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், டாக்டர் ஜேக்கப் ஜான் அவர்களின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் சோதித்தனர். ஆறு மாதிரிகளில் தொற்று இருப்பது தெரியவந்தது. பின்னர் அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதனை உறுதி செய்தது.

அந்த ஆறு மாதிரிகளிலிருந்தே இந்நாட்டின் எச்.ஐ.வி. வரலாறு தொடங்குகிறது. சுனிதி சாலமன் அவர்கள் 1993ஆம் ஆண்டு சென்னையில் ஒய்.ஆர்.ஜி. பராமரிப்பு மையத்தை நிறுவி, பிறர் தொட அஞ்சிய நோயாளிகளைத் தொட்டுப் பேணினார். 2015ஆம் ஆண்டு அவர் மறைந்தார். 2017ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. வேலூரை ஈண்டு நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் அவ்வூருக்கே வரவேண்டியுள்ளது.

நோய்முதல்

எச்.ஐ.வி. என்பது கண்ணுக்குப் புலனாகாத ஒரு நச்சுயிரி. 1983ஆம் ஆண்டு பாரிசு நகரப் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா பாரே-சினுஸி, லூக் மொந்தாஞே ஆகியோர் இதனைப் பிரித்தறிந்தனர். இதற்காக 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். குருதியிலுள்ள வெள்ளணுக்களுள் சி.டி.4 என்னும் வகையையே இது தாக்குகிறது. அவ்வணுக்கள் உடலின் காவற்படைக்குத் தலைவர் போன்றவை. தலைவர் குறையக் குறையப் படை சிதறும். காசநோய் முதலிய பிற நோய்கள் எளிதில் புகும். அந்நிலையே எய்ட்ஸ். எச்.ஐ.வி. தொற்று உள்ளோர் அனைவரும் எய்ட்ஸ் நோயாளிகள் அல்லர் என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

இந்த நச்சுயிரியின் தந்திரம் என்ன? தமிழ் மாணவர்க்கு இதனை ஏட்டுச் சுவடிகளைக் கொண்டு எளிதில் விளக்கலாம். நம் உயிரணு ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. என்னும் மூலச்சுவடி உள்ளது. நான்கே எழுத்துகளால், ஏறத்தாழ 300 கோடி எழுத்து நீளத்தில் அமைந்த சுவடி அது. உடல் இயங்கத் தேவையான கட்டளைகள் அதில் உள்ளன. அச்சுவடி வெளியே எடுத்துச் செல்லப்படுவதில்லை. வேண்டிய பகுதி மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் படியாக எழுதி அனுப்பப்படுகிறது. அப்படியைப் பார்த்துப் புரதங்கள் ஆக்கப்படுகின்றன.

எச்.ஐ.வி.யின் மரபுச் செய்தியோ ஆர்.என்.ஏ. வடிவில் உள்ளது; ஏறத்தாழ 9,700 எழுத்துகளே கொண்ட சிறு சுவடி அது. உயிரணுவுக்குள் புகுந்ததும், தான் கொண்டுவந்த நொதி ஒன்றினால் அந்த ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்றி எழுதுகிறது. அரபுத்தமிழில் எழுதப்பட்ட நூலொன்றைத் தமிழ் எழுத்துக்கு மாற்றி எழுதுவதோடு இதனை ஒப்பிடலாம். செய்தி ஒன்றே, எழுத்துரு மட்டும் வேறு. படியிலிருந்து மூலத்தை நோக்கிப் பின்னோக்கி எழுதும் இந்த நொதியை 1970ஆம் ஆண்டு ஹோவர்டு டெமின், டேவிட் பால்டிமோர் ஆகியோர் தனித்தனியே கண்டறிந்தனர். இவ்வாறு மாற்றி எழுதப்பட்ட பகுதியை நச்சுயிரி நம் மூலச்சுவடிக்குள்ளேயே புகுத்திவிடுகிறது. சுருங்கச் சொன்னால், இது ஓர் இடைச்செருகல்.

பழஞ்சுவடியில் பிறர் செருகிய பாடல், மூலநூலின் பாடலோடு சேர்த்தே அடுத்தடுத்துப் படியெடுக்கப்படும். அதுபோல உயிரணு தன்னைப் பெருக்கும்போதெல்லாம் இந்த இடைச்செருகலும் பெருகும். மேலும், எச்.ஐ.வி.யின் நொதி பிழை மலிந்த ஏடெழுதுவோன். படிக்குப் படி பாடபேதம் தோன்றுகிறது. ஒரே நோயாளியின் உடலிலேயே பல்வேறு பாடங்கள் உலவுகின்றன. தடுப்பூசி எளிதில் கைகூடாமைக்கு இதுவே முதன்மைக் காரணம்.

மாத்திரை செய்வதும் செய்யாததும்

1996ஆம் ஆண்டு முதல் வழக்கில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை இந்நோயின் போக்கையே மாற்றிவிட்டது. அம்மருந்துகளுட் சில பின்னோக்கி எழுதும் நொதியைத் தடுக்கின்றன. சில, இடைச்செருகல் நிகழாமற் தடுக்கின்றன. முறையாக மருந்து உண்போரின் குருதியில் நச்சுயிரி கண்டறிய முடியாத அளவுக்குத் தணிந்துவிடுகிறது. அந்நிலையில் இருப்பவர் உடலுறவின் வழியாகப் பிறருக்குத் தொற்றைத் தருவதில்லை என்பது இன்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட உண்மை. தாய்க்கு உரிய காலத்தில் மருந்தளித்தால் குழந்தைக்குத் தொற்று செல்வதையும் பெரும்பாலும் தடுக்கலாம்.

ஆனால் தொடக்கத்தில் இம்மருந்து ஏழைக்கு எட்டாக்கனியாக இருந்தது. ஓராண்டு மருந்துக்கு 10,000 டாலருக்கும் மேல் செலவாயிற்று. 2001ஆம் ஆண்டு சிப்ளா நிறுவனத்தின் தலைவர் யூசுப் ஹமீது, ஒருவருக்கு ஓராண்டுக்கான மூன்று மருந்துக் கூட்டினை 350 டாலருக்குத் தர முன்வந்தார். அந்நிறுவனத்தை 1935ஆம் ஆண்டு நிறுவிய குவாஜா அப்துல் ஹமீது அவர்களின் மைந்தர் அவர். அவ்வறிவிப்பு ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தியாவிலும் இலட்சக்கணக்கான உயிர்களுக்கு வழி திறந்தது. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, சென்னையை அடுத்த தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் முதல் மையங்களுள் ஒன்றாக அமைந்தது. இன்று திண்டுக்கல் அரசு மருத்துவமனையிலேயே ஏ.ஆர்.டி. மையம் உண்டு.

இத்துணைப் பயன் விளைத்தும், மாத்திரை ஒன்றைச் செய்வதில்லை. முன்னரே நிகழ்ந்துவிட்ட இடைச்செருகலை அது நீக்குவதில்லை. நீண்டகாலம் வாழும் சில வெள்ளணுக்களில் நச்சுயிரியின் சுவடி எழுதப்பட்டும் படிக்கப்படாமலும் உறங்கிக் கிடக்கிறது. உறங்குவதை மருந்தாலும் காண இயலாது. உடற்காவற்படையாலும் காண இயலாது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலேயே உறக்கம் கலைந்து நச்சுயிரி மீண்டும் பெருகுகிறது. ஆதலால்தான் மருந்து வாழ்நாள் முழுதும் தேவைப்படுகிறது. இந்த உறங்கும் சேமிப்பை என்ன செய்வது என்பதே இன்றைய மரபணு மருத்துவத்தின் வினா. அதற்கு மூன்று வழிகளில் விடை தேடுகின்றனர்.

முதல் வழி: கதவை அடைத்தல்

எச்.ஐ.வி. வெள்ளணுவுக்குள் நுழைய சி.டி.4 மட்டும் போதாது; சி.சி.ஆர்.5 என்னும் மற்றொரு புரதமும் வேண்டும். அதனை உட்கதவு எனலாம். வட ஐரோப்பிய மக்களுள் ஒரு சிலர்க்குப் பிறப்பிலேயே அக்கதவின் மரபணுவில் 32 எழுத்துகள் குறைந்துள்ளன. பெற்றோர் இருவரிடமிருந்தும் அக்குறையைப் பெற்றவர்க்கு அக்கதவே அமைவதில்லை; எச்.ஐ.வி. அவர்களை எளிதில் பற்றுவதில்லை. இந்தியரிடம் இம்மாற்றம் மிக அரிது.

2007ஆம் ஆண்டு பெர்லின் நகரில் திமோத்தி ரே பிரவுன் என்பார்க்கு இரத்தப் புற்றுநோய்க்காகக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை செய்யப்பட்டது. அவர் எச்.ஐ.வி. தொற்றும் உடையவர். மருத்துவர் ஜெரோ ஹூட்டர், கதவில்லாத மரபணு கொண்ட கொடையாளரையே தேடித் தேர்ந்தெடுத்தார். பிரவுன் மருந்தை நிறுத்திய பின்னரும் நச்சுயிரி திரும்பவில்லை. உலகில் எச்.ஐ.வி.யிலிருந்து முழுமையாக விடுபட்ட முதல் மனிதர் அவரே. 2020ஆம் ஆண்டு அவர் மறைந்தது புற்றுநோய் மீண்டதால், எச்.ஐ.வி.யால் அன்று. அவரைத் தொடர்ந்து இலண்டன் நோயாளி குறித்து 2019ஆம் ஆண்டும், டூசெல்டார்ஃப் நோயாளி குறித்து 2023ஆம் ஆண்டும் அறிவிப்புகள் வெளிவந்தன.

இவற்றைக் கேட்டதும் எல்லார்க்கும் இச்சிகிச்சையைச் செய்யலாமே என்னும் எண்ணம் எழும். அது பொருந்தாது. குருத்தணு மாற்றத்துக்குமுன் நோயாளியின் எலும்பு மஜ்ஜையைக் கடும் மருந்துகளால் அழிக்க வேண்டும். அதில் உயிரிழப்போரும் உளர். புற்றுநோயால் வேறு வழியின்றி நிற்பவர்க்கே அவ்விடர் தகும். நாளும் ஒரு மாத்திரையால் நலமுடன் வாழ்பவர்க்கு அது தகாது.

ஆகவே பிறருடைய அணுவைப் பெறுவதற்கு மாறாக, நோயாளியின் சொந்த அணுவிலேயே கதவை அடைக்க முயன்றனர். 2014ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வர்கள் 12 நோயாளிகளின் வெள்ளணுக்களை வெளியே எடுத்து, சி.சி.ஆர்.5 மரபணுவை வெட்டி, மீண்டும் உடலில் செலுத்தியதை வெளியிட்டனர். மாற்றப்பட்ட அணுக்கள் உடலில் நிலைத்தன. ஆயினும் நோய் முற்றும் நீங்கவில்லை. எல்லா அணுக்களிலும் கதவை அடைக்க இயலாமையும், நச்சுயிரியின் சில வகைகள் வேறொரு கதவைப் பயன்படுத்துவதும் இவ்வழியின் தடைகளாகும்.

இரண்டாம் வழி: இடைச்செருகலை நீக்குதல்

சுவடிப் பதிப்பாசிரியர் இடைச்செருகலைக் கண்டு நீக்குவதுபோல, மரபணுவில் புகுந்த எச்.ஐ.வி. பகுதியை வெட்டி நீக்க இயலுமா? 2012ஆம் ஆண்டு ஜெனிபர் டௌட்னா, எம்மானுவேல் ஷர்பாந்தியே ஆகியோர் விளக்கிய கிரிஸ்பர் என்னும் முறை அதற்கு வழி காட்டியது. அவர்கள் 2020ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். இதில் இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று, வெட்டும் கத்தியாகிய புரதம். மற்றொன்று, எங்கே வெட்ட வேண்டும் எனச் சுட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ. அவ்வழிகாட்டியின் எழுத்துகளோடு பொருந்தும் இடத்தைத் தேடிக் கத்தி வெட்டுகிறது.

இம்முறையில் அமைந்த ஈ.பி.டி.-101 என்னும் மருந்து 2022ஆம் ஆண்டு முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. நச்சுயிரிச் சுவடியின் மூன்று இடங்களில் வெட்டி, இடைப்பட்ட பெரும்பகுதியை நீக்குவது அதன் நோக்கம். 2024ஆம் ஆண்டு மே மாதம் முடிவுகள் வெளியாயின. மருந்தால் பெருந்தீங்கு நேரவில்லை. ஆனால், மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்திய மூவர்க்கும் நச்சுயிரி மீண்டது. ஒருவர்க்கு மட்டும் 16 வாரங்கள் தாமதமாக மீண்டது. காரணம் வெளிப்படை. ஒரு நூலுக்கு ஆயிரம் படிகள் நாடெங்கும் சிதறிக் கிடக்க, பதிப்பாசிரியர் நூறு படிகளைத் திருத்தினால் எஞ்சியவற்றில் இடைச்செருகல் இருந்துகொண்டே இருக்குமன்றோ?

மேலும் ஒன்று நாம் கருதத்தக்கது. இந்தியாவில் பரவியுள்ள எச்.ஐ.வி. பெரும்பாலும் சி என்னும் உட்பிரிவைச் சார்ந்தது. அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் மிகுந்திருப்பது பி உட்பிரிவு. வழிகாட்டி ஆர்.என்.ஏ. எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டியது. ஆதலின் பிறநாட்டுப் பாடத்துக்கென அமைந்த வழிகாட்டி நம் நாட்டுப் பாடத்துக்கும் பொருந்துமா என்பதைத் தனியே சோதித்தல் இன்றியமையாதது.

மூன்றாம் வழி: ஆர்.என்.ஏ.யால் அடக்குதலும் எழுப்புதலும்

மூலச்சுவடியைத் தொடாமல், அதிலிருந்து எழும் படியை மட்டும் செல்லாமற் செய்யும் வழியும் உண்டு. 1998ஆம் ஆண்டு ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ஆகியோர் சிறு புழுவில் ஓர் உண்மையைக் கண்டனர். குறித்த ஆர்.என்.ஏ.வோடு பொருந்தும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.யைச் செலுத்தினால், உயிரணுவே அப்படியைத் தேடி அழித்துவிடுகிறது. ஆர்.என்.ஏ. குறுக்கீடு எனப்படும் இக்கண்டுபிடிப்பு 2006ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றது. 2002ஆம் ஆண்டிலேயே ஆய்வகத்தில் இதனால் எச்.ஐ.வி.யை அடக்கிக் காட்டினர்.

2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனை ஆய்வர்கள், நிணநீர்ப் புற்றுநோயும் எச்.ஐ.வி.யும் கொண்ட நால்வருக்கு இத்தகைய சிகிச்சை அளித்ததை வெளியிட்டனர். அவர்தம் குருத்தணுக்களில் மூன்று ஆர்.என்.ஏ. கருவிகளை ஒருங்கே பொருத்தியிருந்தனர். ஒன்று நச்சுயிரியின் படியை அழிப்பது; ஒன்று அதன் புரதத்தைப் பொய்யிலக்குக் காட்டி மயக்குவது; ஒன்று சி.சி.ஆர்.5 கதவின் படியை வெட்டுவது. ஒரு கருவிக்கு நச்சுயிரி தப்பினும் மற்றொன்றுக்கு அகப்படும் என்பதே கருத்து. கூட்டு மருந்தின் தத்துவமும் அதுவே. மாற்றப்பட்ட அணுக்கள் 24 மாதங்கள் வரை குருதியில் காணப்பட்டன. ஆயினும் அவற்றின் அளவு மிகக் குறைவாகவே இருந்தது.

இதற்கு நேர்மாறாக, உறங்கும் நச்சுயிரியை எழுப்பிப் பின்னர் அழிக்கும் முயற்சியும் நடைபெறுகிறது. கொரோனா தடுப்பூசியால் நாம் அறிந்த தூது ஆர்.என்.ஏ. இங்கே பயன்படுகிறது. ஆர்.என்.ஏ. எளிதிற் சிதைவது, கொழுப்பாலான நுண்துகளுக்குள் பொதிந்தே அதனை அனுப்ப வேண்டும். உறங்கும் வெள்ளணுக்களோ அத்துகளை ஏற்பதில்லை. 2025ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர டோஹர்ட்டி நிறுவன ஆய்வர்கள் புதியதொரு துகளை அமைத்து, அவ்வணுக்களுக்குள் தூது ஆர்.என்.ஏ.யைச் செலுத்தி, உறங்கிய எச்.ஐ.வி.யை எழுப்பியதை அறிவித்தனர். நோயாளிகள் கொடுத்த குருதி அணுக்களில், ஆய்வகத்தில் நிகழ்ந்த வெற்றி இது. எழுப்பிய பகையை அழிப்பதும், உடலுக்குள் இதனைச் செய்வதும் இனிமேல்தான் ஆகவேண்டும்.

மரபணு வழித் தடுப்பூசி ஆய்வில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 2006ஆம் ஆண்டு எச்.ஐ.வி. தடுப்பூசியின் முதற்கட்ட ஆய்வு தொடங்கியது. 32 நலமுள்ள தன்னார்வலர்கள் பங்கேற்றனர். பின்னர் 2009ஆம் ஆண்டு, டி.என்.ஏ. தடுப்பூசியை முதலிலும் அத்தடுப்பூசியைப் பின்னரும் தரும் ஆய்வு சென்னையிலும் புனேயிலும் நடந்தது. பாதுகாப்பானவை என்று தெளிந்தனவேயன்றி, நோயைத் தடுக்கும் மருந்தாக அவை முதிரவில்லை. எனினும் தம் கையை நீட்டிய அத்தன்னார்வலர்களின் தொண்டு மறக்கற்பாலதன்று.

மீண்டும் வேலூர்

இனி முன்னர்க் குறித்த வேலூருக்கு வருவோம். மரபணுவை உயிரணுவுக்குள் கொண்டு சேர்க்க ஓர் ஊர்தி வேண்டும். அணுவுக்குள் புகுந்து மூலச்சுவடியில் எழுத்தைச் செருகுவதில் எச்.ஐ.வி.யை விஞ்சியது எது? அறிவியலறிஞர் இந்த உண்மையை எதிர்த்திசையில் பயன்படுத்தினர். எச்.ஐ.வி.யின் நோய் தரும் மரபணுக்களை நீக்கி, பெருகும் ஆற்றலை ஒழித்து, செருகும் திறனை மட்டும் விட்டுவைத்தனர். லென்டி வைரஸ் ஊர்தி என்பது அதன் பெயர்.

ஹீமோஃபிலியா என்னும் இரத்தம் உறையாமை நோயைப் பலரும் அறிவர். 1980களில் மேனாடுகளில் இந்நோயாளிகளுக்குத் தரப்பட்ட உறைபொருளில் எச்.ஐ.வி. கலந்திருந்தமையால், ஆயிரக்கணக்கானோர் நோய்க்கு மருந்தென எடுத்துக்கொண்டதாலேயே மாண்டனர். அதே நோய்க்கு, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள குருத்தணு ஆய்வு மையம் டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவா அவர்களின் தலைமையில் ஒரு மரபணுச் சிகிச்சையை மேற்கொண்டது. கடுமையான ஹீமோஃபிலியா ஏ கொண்ட ஐவரின் சொந்தக் குருத்தணுக்களில், லென்டி வைரஸ் ஊர்தியின் வாயிலாக, உறைகாரணி எட்டினை ஆக்கும் மரபணு பொருத்தப்பட்டது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் முடிவு வெளியாயிற்று. ஐவரையும் சேர்த்து 81 மாதங்கள் கவனித்த காலத்தில், சிகிச்சை பலித்தபின் ஒருவர்க்கும் இரத்தக்கசிவு ஏற்படவில்லை.

1986இல் எச்.ஐ.வி.யைக் கண்டு நாடு நடுங்கிய அதே வேலூரில், 38 ஆண்டுகளுக்குப் பின் அதன் நஞ்சு நீக்கிய வடிவமே மருந்தைச் சுமந்து சென்றது. பகைவனின் படைக்கலத்தைப் பறித்து, அதனையே ஏர்முனையாக்கியது போன்றது இது. எச்.ஐ.வி.க்கான மரபணு மருத்துவம் முதிரும் நாளில், அதனை நம் மண்ணிலேயே ஆக்கும் திறம் நம்மிடம் உண்டு என்பதற்கும் இது சான்று.

எல்லையும் விலையும்

இவ்வாய்வுகளுக்கு அறத்தின் எல்லையும் உண்டு. 2018ஆம் ஆண்டு சீன ஆய்வர் ஹே ஜியான்குய், எச்.ஐ.வி.யைத் தடுப்பதாகச் சொல்லிக் கருவிலேயே சி.சி.ஆர்.5 மரபணுவை மாற்றிக் குழந்தைகளைப் பிறப்பித்ததாக அறிவித்தார். உலகமே கண்டித்தது, சீன நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. நோயாளி தம் உடலுக்கு இசைந்து ஏற்கும் சிகிச்சை வேறு. இசைவு தரவியலாத கருவிலும், அதன் வழித்தோன்றல்களிலும் அழியா மாற்றத்தை எழுதுவது வேறு. முன்னது மருத்துவம், பின்னது வரம்பு மீறல்.

விலையும் ஓர் எல்லையே. 2023ஆம் ஆண்டு அமெரிக்காவில் அரிவாளணுச் சோகைக்கு ஏற்பளிக்கப்பட்ட கிரிஸ்பர் சிகிச்சையின் விலை ஒருவர்க்கு 22 இலட்சம் டாலர். இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்வோர் ஏறத்தாழ 25 இலட்சம் பேர். அவ்விலையில் ஒரு மருந்து வருமாயின், அது அவர்களுக்கு வாராததற்கு ஒப்பாகும். 2001இல் மாத்திரைக்கு நேர்ந்தது மரபணு மருத்துவத்துக்கும் நேர வேண்டும். நம் மாணவருள் ஒருவர் அப்பணியைத் தலைமேற்கொள்வாராயின் இம்மலர் பயன் பெற்றதாகும்.

முடிவுரை

நம்மிடம் வினவிய மாணவர்க்கு இனி நேரே விடை கூறுவோம். மரபணு வழியில் எச்.ஐ.வி.யை வெல்ல முடியும் என்பது பெர்லினில் மெய்ப்பிக்கப்பட்டது, அது கனவன்று. ஆனால் செம்பட்டியில் வாழும் ஒருவர் இன்று திண்டுக்கல் மருத்துவமனைக்குச் சென்று பெறத்தக்க மரபணுச் சிகிச்சை எதுவும் இல்லை. இன்று கையிலிருப்பது மாத்திரை. அது உயிர் காப்பது. அதனை ஒருநாளும் தாமாக நிறுத்தலாகாது. 'முழுக் குணம்' என்று விளம்பரம் செய்து பணம் பறிப்போரை நம்புதலும் ஆகாது. ஆய்வில் பங்கேற்று மாத்திரையை நிறுத்தியவர்களும் வாரந்தோறும் குருதிச் சோதனையோடு, மருத்துவர் கண்முன்னே நிறுத்தியவர்கள் என்பதை நினைவிற் கொள்க.

1990களில் நாம் இந்நோயை 'உயிர்க்கொல்லி' என்று எழுதினோம், மேடைகளில் முழங்கினோம். அன்று அச்சொல் உண்மையாக இருந்தது. இன்று மருந்துண்டு பணி செய்து, மணம் முடித்து, நோயற்ற பிள்ளைகளைப் பெற்று முதுமை எய்துவோர்க்கு அச்சொல் பொருந்துமா? சொல்லைக் காப்பது தமிழ்த்துறையின் கடமையாயின், பொய்யாகிவிட்ட சொல்லைக் களைவதும் அதன் கடமையே. அரசு பரிசோதனை மையங்களுக்கு 'நம்பிக்கை மையம்' என்று தமிழில் பெயரிட்டவர் யாராயினும், அவர் நல்லதொரு சொல்லைத் தந்தார். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. தொற்று உடையவரைக் கல்வியிலும் பணியிலும் வேறுபடுத்துவதை அது தடை செய்கிறது. ஐயமுடையோர் 1097 என்னும் இலவச எண்ணில் பெயர் கூறாமலே வினவலாம்.

மருந்து என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்னும் நான்கன் கூட்டு என்பது வள்ளுவர் கருத்து. முதல் மூன்றைப் பற்றியே அறிவியல் பேசுகிறது. நான்காவது இடம் நமக்கு உரியது. ஜமாஅத்துப் பெரியோரும், ஊர்ப் பெரியோரும், ஆசிரியரும், மாணவரும் அவ்விடத்தில் நின்று, தொற்றுடையார் ஒருவர் மாத்திரையை மறைத்து உண்ணவேண்டாத ஊராக நம் ஊரை ஆக்குவோமாயின், ஆய்வகத்து மருந்து வந்து சேரும் நாள்வரை அவர்கள் நலமுடன் காத்திருப்பர். அந்நாளை இறைவன் விரைவில் அருள்வானாக!